இலையை அச்செடுப்போம்: செடிகளைப் புடைப்புச் சிற்பமாக வார்க்கவும் அதை வைத்துப் பாடம் நடத்தவும் முழுமையான வழிகாட்டி

கண்ணை மூடிக்கொண்டு ஒரு கரும்புத் தோகையையும் ஓர் அரசிலையையும் தடவிப் பாருங்கள். தோகையில் விரல் ஒரே திசையில் வழுக்கிக்கொண்டு போகும். நரம்புகள் ஒன்றையொன்று தொடாமல் பக்கம் பக்கமாக ஓடும். அரசிலையிலோ நடு நரம்பிலிருந்து கிளை, கிளையிலிருந்து சிறுகிளை, அதற்குள் ஒரு வலை. இணைப்போக்கு நரம்பமைப்பு, வலைப்பின்னல் நரம்பமைப்பு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். விரலால் ஒருமுறை தெரிந்துகொண்டால் மறக்கமாட்டார்கள். ஆனால் பச்சை இலை இரண்டு நாளில் வாடிவிடும், உலர்த்திய இலை தொட்டால் நொறுங்கும். அந்த இலையையே பாரிஸ் சாந்தில் புடைப்பாக வார்த்து வைத்தால் பல ஆண்டுகளுக்குத் தொட்டுத் தொட்டுப் படிக்கலாம்.

புடைப்புச் சிற்பம் நமக்குப் புதிதல்ல. மாமல்லபுரத்துப் பாறையில் ஏழாம் நூற்றாண்டில் செதுக்கியதும், கோயில் தூண்களில் சுருண்டு ஓடும் கொடிக்கருக்கும், கோபுரத்துச் சுதை வேலையும் எல்லாம் இந்தக் குடும்பம்தான். ஒரு வேறுபாடு உண்டு. கொடிக்கருக்கில் இருப்பது சிற்பி மனத்தில் கண்ட கொடி. இங்கே செடி தன்னைத்தானே பதித்துக்கொள்கிறது. உயிருள்ளதிலிருந்தே நேரடியாக அச்செடுக்கும் இந்த முறையைப் பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சின் பெர்னார் பலிசி தன் மட்பாண்டங்களில் பயன்படுத்தினார். செடியை உருவமாக்கிப் பாடம் நடத்துவதற்குப் பெரிய எடுத்துக்காட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக பிளாஷ்கா தந்தையும் மகனும் 1887 முதல் 1936 வரை செய்த கண்ணாடிப் பூக்கள். அவை கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவை, கண்ணால் மட்டுமே பார்க்கலாம். நாம் செய்யப்போவது தொடுவதற்கு. கீழே சொல்லும் ஒவ்வொரு அளவும் விரலை மனத்தில் வைத்துச் சொல்வது.

எதைப் பறிக்கலாம், எதைப் பறிக்கக்கூடாது

நாம் இருக்கும் மொரீஷியஸ் தீவில் இதை முதலில் பேசியாக வேண்டும். லெ மோர்ன் மலையில் மட்டும் இயற்கையாக வளரும் தேசிய மலரான ட்ரொக்கெஷியா, பாம்பிள்மூஸ் தாவரவியல் தோட்டத்துச் செடிகள், பிளாக் ரிவர் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குள் இருப்பவை எதையும் தொடவேண்டாம். தேவையும் இல்லை. தீவின் காடுகளை நெரிக்கும் வெளிநாட்டுச் செடிகளே அச்சுக்கு அருமையானவை. ‘குவாவ் தெ ஷீன்’ என்கிற சீனக் கொய்யா ஒன்று. ‘லியான் செர்ஃப்’ இன்னொன்று. இதுதான் தமிழ் இலக்கியத்தில் மாதவி என்றும் குருக்கத்தி என்றும் வரும் கொடி. இங்கே ஆக்கிரமிப்புச் செடியாகப் படர்ந்துகிடக்கிறது. அதன் காய்க்கு மூன்று இறக்கை. அதைப் பதித்தால், காற்று விதையை எப்படித் தூக்கிப் போகிறது என்று தனியாக விளக்கவே வேண்டாம்.

வீட்டுத் தோட்டத்தில் கரிபுலே (கறிவேப்பிலை), முருங்கை, ஒற்றைச் செம்பருத்தி, சாலையோரப் பெரணி, கரும்பு இவை ஐந்தும் போதும், ஓராண்டுப் பாடம் நடத்தலாம். அரளி நச்சுச் செடி, எருக்கின் பால் கண்ணைக் கெடுக்கும். இரண்டையும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். கரும்புத் தோகையின் ஓரம் அறுக்கும், பெரியவர்கள் வெட்டித் தரவேண்டும்.

காலையில் பறித்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். முருங்கை மட்டும் விதிவிலக்கு: சிற்றிலைகள் சீக்கிரம் உதிரும், பறித்த ஒரு மணி நேரத்துக்குள் பதித்துவிட வேண்டும். இன்னொன்று, இலையை மட்டும் கிள்ளாதீர்கள். தண்டில் இலை பிறக்கும் கணுவையும் சேர்த்து வெட்டுங்கள். ஏன் என்று பாடம் பற்றிய பகுதியில் தெரியும்.

என்னென்ன வேண்டும்

கணக்கு 25 × 20 செ.மீ. அளவில், 2 செ.மீ. கனத்தில் ஒரு பலகைக்கு.

மணல் கலக்காத, வழவழப்பான பானைக் களிமண் 3 கிலோ. 6 செ.மீ. உயரத்தில் நான்கு மரச்சட்டங்கள். மண்ணைத் தேய்க்க ஃபராட்டாக் கட்டை (சப்பாத்திக் கட்டை). அதன் இரு முனைக்கும் அடியில் வைக்க 2 செ.மீ. கனத்தில் இரண்டு மரத்துண்டுகள், அப்போதுதான் மண் எல்லா இடத்திலும் ஒரே கனமாக வரும். முனை மழுங்கிய சாமணம், ஊசி, மென்மையான தூரிகை, சமையலறைத் தராசு, பிளாஸ்டிக் வாளி, கோனிப்பையிலிருந்து வெட்டிய இரண்டு கீற்றுகள், மாட்டுவதற்குத் துருப்பிடிக்காத கம்பி.

சாந்து விஷயத்தில் கவனம். கேங்காயெரியில் (இரும்புச் சாமான் கடையில்) ‘பிளாத்ர்’, அதாவது சாந்து, என்று கேட்டால் சில நேரம் சுவர் விரிசல் அடைக்கும் மாவைக் கொடுப்பார்கள். அது மெதுவாக இறுகும், நகத்தால் கீறினாலே உதிரும். வேண்டியது வார்ப்புக்கான பாரிஸ் சாந்து. மூட்டையைத் திறந்தபின் காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி வையுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான ஈரக் காற்றில் திறந்து கிடந்த சாந்து தானாகவே பாதி இறுகியிருக்கும். கையில் எடுத்தால் கட்டி கட்டியாக வந்தால் அதைச் சலித்துப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள், போய்விட்டது.

மண்ணைத் தயாரித்தல்

மண்ணைப் பிசைந்து காற்றை வெளியேற்றி, பிளாஸ்டிக் தாளின் மேல் 28 × 23 செ.மீ. பரப்புக்குத் தேயுங்கள். துணிமேல் தேய்த்து அந்தப் பக்கத்தைப் பயன்படுத்தினால் துணியின் இழை முழுவதும் வார்ப்பில் வந்து நிற்கும், நரம்பு தெரியாது. தேய்த்த முகத்தைப் பழைய தொலைபேசி அட்டை போன்ற ஒன்றால் ஒரே திசையில் வழித்து மழுக்குங்கள்.

பதம் பார்க்க ஒரே வழி: விரலை அழுத்தி எடுங்கள். ரேகை தெளிவாகப் பதிய வேண்டும், விரலில் மண் ஒட்டக்கூடாது. ஒட்டினால் ஈரம் அதிகம். இலையை எடுக்கும்போது நரம்போடு மண்ணும் பிய்ந்து வரும். அரை மணி விட்டுவிடுங்கள். அழுத்திய பள்ளத்தின் ஓரம் வெடித்தால் காய்ந்துவிட்டது. நனைத்த துணி போர்த்திவிட வேண்டும். கரையோரப் போர்ட் லூயிஸ் வெயிலில் மண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காயும், மேட்டு நிலத்துக் கியூர்ப்பீப் மழையில் பதம் வருவதற்கே நேரமாகும். ஊருக்கு ஊர் கடிகாரம் மாறும். விரலை நம்புங்கள்.

பதித்தல்

இலையின் அடிப்பக்கம் மண்ணைத் தொடும்படி கவிழ்த்து வையுங்கள். நரம்பு எழும்பி நிற்பது அடியில்தான். மேற்பக்கத்தைப் பதித்தால் பலகையில் மங்கலான ஒரு நிழல்தான் கிடைக்கும். பெரணிக்கு இது இரட்டிப்பு நன்மை: வித்துத்தூள் தங்கும் முடிச்சுகளும் அடியில்தான் வரிசையாக இருக்கின்றன.

கனமான தண்டுகளை நெடுகப் பிளந்து பாதியை மட்டும் வையுங்கள். முழுத் தண்டை அழுத்தினால் அதைச் சுற்றி மண் எழும்பி, பக்கத்து இலை பதியாது. செம்பருத்தியைக் கூரிய கத்தியால் காம்பிலிருந்து மேல்வரை நடுவே பிளந்து, வெட்டிய முகம் மண்ணில் படும்படி வைக்கவேண்டும். சூல்பை, அதிலிருந்து எழும் குழாய், குழாயின் மேல் மகரந்தத்தாள்கள், நுனியில் ஐந்து முடிகள் எல்லாம் ஒரே வார்ப்பில் வந்துவிடும்.

சுற்றிலும் 2 செ.மீ. ஓரம் விடுங்கள். எல்லாவற்றையும் அடுக்கியபின் மெல்லிய பிளாஸ்டிக் தாளை மேலே போட்டு, முதலில் விரலால் நடு நரம்பை நெடுக அழுத்தி, பிறகு கட்டையை ஒரே ஒருமுறை, அவசரப்படாமல் உருட்டுங்கள். திரும்பி வராதீர்கள். இரண்டாம் முறை உருட்டும்போது இலை அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் நரம்பு இரட்டையாகப் பதியும். பார்ப்பவர் கண்ணுக்கு அது மங்கல், பார்வையற்ற பிள்ளையின் விரலுக்கோ அங்கே இல்லாத ஒரு நரம்பு.

காம்பின் பக்கமிருந்து சாமணத்தால் தூக்கி, இலையை மெதுவாக உரித்தெடுங்கள். பிய்ந்து தங்கிய துணுக்கை ஊசி முனையால் நெம்புங்கள். ஒரு சிற்றிலை உள்ளேயே நின்றுவிட்டால் வார்ப்பில் அந்த இடம் வழுக்கையாகிவிடும்.

இங்கே பலரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. மண்ணில் நீங்கள் பார்ப்பது பலகைக்குக் கண்ணாடிப் பிம்பம். செடிக்கு ஒன்றும் ஆகாது, வலமாகச் சுற்றும் கொடி பலகையிலும் வலமாகவே சுற்றும். ஆனால் நீங்கள் அடுக்கிய வரிசை இடம் வலமாகத் திரும்பும். அதனால் மொட்டிலிருந்து பூ வரை வரிசையாக வைக்கும்போது, மொட்டை வலக்கோடியில் தொடங்குங்கள். பலகையில் அது இடக்கோடிக்கு வரும். இரண்டு இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால், முதலில் மண்ணைத் தொட்டதுதான் பலகையில் முன்னால் நிற்கும். பெயர் எழுதுவதானால் தாளில் எழுதி, தாளைத் திருப்பி, பின்னால் தெரியும் வடிவத்தை ஊசியால் மண்ணில் குத்திப் பதியுங்கள். பிரெயில் எழுத்துக்கும் இதே விதி. சட்டத்திலும் ஊசியிலும் பிரெயில் எழுதுவோர் வலமிருந்து இடமாக எழுதுவார்களே, அப்படியே மண்ணிலும் குத்தவேண்டும். புள்ளிக்குப் புள்ளி 2.5 மி.மீ., ஆழம் அரை மில்லிமீட்டர். ஆழம் கூடினால் வார்ப்பில் புள்ளி முனை கூராகி, தட்டினாலே உடையும்.

சாந்து கலக்குதல்

சட்டங்களை 25 × 20 செ.மீ. உள்ளளவுக்கு மண்ணின்மேல் நிறுத்தி, கொஞ்சம் அழுத்தி, வெளிப்புறம் முழுவதும் மண்திரியால் அடைத்துவிடுங்கள். மரத்தின் உட்பக்கம் சவர்க்காரம் தடவினால் போதும். பதிந்த மண்ணில் எண்ணெயோ சவர்க்காரமோ கூடாது. அது பள்ளத்தில் தேங்கி நரம்பை மூடும்.

தண்ணீர் 650 மி.லி., சாந்து 930 கிராம். இது 100 பங்கு சாந்துக்கு 70 பங்கு தண்ணீர் என்ற கணக்கு, சரியாக ஒரு லிட்டர் கலவை வரும். உங்கள் மூட்டையில் வேறு விகிதம் அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள், கடினச் சாந்துகளுக்குப் பாதித் தண்ணீரே போதும். கண்ணளவில் கலக்காதீர்கள். இந்த வேலையில் தராசைவிட முக்கியமான கருவி இல்லை.

முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். தண்ணீரில்தான் சாந்தைத் தூவவேண்டும், சாந்தின்மேல் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உலர்ந்த உருண்டைகள் தங்கும். எல்லாம் தூவியபின் 2 நிமிடம் தொடாதீர்கள், மாவு தானாக நனைந்து இறங்கட்டும். அதன்பின் கரண்டியை மேலே தூக்காமல், அடியிலேயே வைத்து 2 நிமிடம் கலக்குங்கள். பசும்பாலின் ஆடை போலக் கரண்டியில் படிந்தால் பதம். வாளியைத் தரையில் நாலு முறை தட்டுங்கள், குமிழிகள் மேலே வரும்.

முதலில் தூரிகையால் மெல்லிய ஒரு பூச்சு, நரம்புப் பள்ளங்கள் எல்லாம் நிறையும்படி. வாயால் ஊதி அதை மூலைகளுக்குத் தள்ளுங்கள். பிறகு ஒரு மூலையில் மட்டும் ஊற்றுங்கள், கலவை தானே பரவி மறு மூலைக்குப் போகட்டும். பாதி நிறைந்ததும் சாந்தில் நனைத்த கோனிக் கீற்றுகளைக் குறுக்கே வைத்து மீதியை ஊற்றுங்கள். மேல் பரப்பு கெட்டியாகத் தொடங்கும்போது, மேல் ஓரத்திலிருந்து 4 செ.மீ. தள்ளிக் கம்பி வளையத்தைச் செருகுங்கள்.

சாந்து இறுகும்போது சூடாகும். அந்தச் சூடு கையைக் கடுமையாகச் சுடும் அளவுக்குப் போகலாம். பிள்ளைகளின் கையை அச்செடுக்கிறேன் என்று விரலைச் சாந்துக்குள் புதைத்து வைக்க ஒருநாளும் விடாதீர்கள். கைகளையும் வாளியையும் இன்னொரு வாளித் தண்ணீரில் கழுவுங்கள். அடியில் படிந்ததை இறுகவிட்டுக் குப்பையில் போடவேண்டும். தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் கல்லாகிவிடும்.

பிரித்தலும் உலர்த்தலும்

சூடேறி, மறுபடி ஆறியபின், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சட்டங்களைக் கழற்றிப் பலகையைத் திருப்புங்கள். மண்ணை ஓரத்திலிருந்து உரித்தெடுங்கள், குத்தி எடுக்காதீர்கள். ஒட்டியிருக்கும் மிச்சத்தை ஓடும் தண்ணீரில் மென்தூரிகையால் கழுவலாம். இந்த நேரத்தில் பலகை பாலாடைக்கட்டி போல் மென்மையானது, நகம் பட்டாலும் கோடு விழும்.

உலர்ந்ததா என்பதற்கு ஊகம் வேண்டாம், எடை போடுங்கள். இறுகுவதற்காக 100 கிராம் சாந்து 18.6 கிராம் தண்ணீரைத்தான் பிடித்துக்கொள்கிறது. 930 கிராமுக்கு அது சுமார் 173 கிராம். ஊற்றியதோ 650. மீதி 477 கிராம் ஆவியாகவேண்டும். அதாவது 1,580 கிராமில் தொடங்கும் பலகை 1,100 கிராமுக்கு அருகில் வந்து, இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் உலர்ந்துவிட்டது. தராசு இல்லாவிட்டால் கன்னத்தில் வையுங்கள். சில்லென்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. கரையோர ஊர்களில் ஒரு வாரம், மேட்டு நிலத்தில் இரண்டு வாரம்கூட ஆகும். இரு பக்கமும் காற்றுப் பட, மரக்குச்சிகள் மேல் நிறுத்தி வையுங்கள். அவசரத்துக்கு அடுப்பில் வைத்து 45 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் சாந்து தான் பிடித்துவைத்த தண்ணீரையும் இழக்கத் தொடங்கும். பிறகு சுண்ணக்கட்டிபோல் கையில் ஒட்டும்.

ஏன் கெட்டது

பரப்பில் ஊசித் துளைகள் இருந்தால் முதல் தூரிகைப் பூச்சு போடவில்லை, அல்லது கரண்டியைத் தூக்கித் தூக்கிக் கலக்கியிருக்கிறீர்கள். தொட்டால் மாவு ஒட்டுகிறதா? தண்ணீர் அதிகம், அல்லது பழைய சாந்து, அல்லது இறுகத் தொடங்கியபின்னும் கலக்கியது. சாந்து இறுகுவது என்பது ஊசி ஊசியான படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது. பின்னும்போது கலக்கினால் அவற்றை உடைக்கிறீர்கள், அது திரும்பச் சேராது. கெட்டியாகிவிட்டதே என்று தண்ணீர் சேர்ப்பதும் அதே தவறு.

கலக்கும்போதே, ஊற்றுவதற்குள் இறுகிவிட்டால் வாளியைப் பாருங்கள். சென்ற முறை ஒட்டிய பழைய சாந்துத் துணுக்குகள் புதிய படிகத்துக்கு விதைபோல் வேலை செய்கின்றன. வெதுவெதுப்பான தண்ணீரும் உப்பும் அப்படியே விரைவுபடுத்தும்.

ஒருமுறை சாந்து பட்ட மண்ணைத் தனி டப்பாவில் வையுங்கள். அச்சுக்கு அது மீண்டும் மீண்டும் உதவும், ஆனால் சூளையில் சுடும் மண்ணோடு கலந்துவிட்டால் சாந்துத் துணுக்கு இருக்கும் இடத்தில் பாண்டம் தெறித்து உடையும்.

வகுப்புக்கு

20 பிள்ளைகளுக்குத் தலைக்கு 10 × 10 செ.மீ., ஒன்றரை செ.மீ. கனம் போதும். ஒருவருக்கு 400 கிராம் மண், 100 மி.லி. தண்ணீர், 143 கிராம் சாந்து. எல்லோருக்கும் ஒரே வாளியில் கலக்காதீர்கள், பத்தாவது பிள்ளைக்கு வரும்போது கல்லாகியிருக்கும். ஐந்து பேருக்கு ஒரு முறை: 500 மி.லி., 715 கிராம்.

முருங்கைப் பலகையிலிருந்து தொடங்கலாம். “இதில் எத்தனை இலை?” என்று கேளுங்கள். நூறு என்பார்கள். இலை எங்கே பிறக்கிறதோ அங்கே, தண்டும் காம்பும் சேரும் மூலையில், ஒரு மொட்டு இருக்கும் என்று சொல்லி விரலால் தேடச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் தடவுவார்கள், ஒன்றும் அகப்படாது. காம்பு வழியே கீழே இறங்கி இறங்கி, தண்டின் கணுவுக்கு வந்ததும் ஒரு சிறு மேடு தட்டுப்படும். அப்படியானால் அந்த நூறும் சேர்ந்து ஒரே இலை! கணுவோடு வெட்டச் சொன்னது இதற்காகத்தான். கணு இல்லாத பலகையில் இந்தப் பாடம் இல்லை.

தமிழ் வகுப்புக்கும் இதைவிட நல்ல கருவி கிடைப்பது அரிது. செம்பருத்திச் செடி ஒன்றிலிருந்தே அரும்பு, மொட்டு, மலர், வாடிச் சுருண்ட செம்மல் நான்கையும் ஒரே நாளில் பறித்து ஒரே பலகையில் பதிக்கலாம். வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைக்கு இந்த நான்கு சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டை அகராதி சொல்வதைவிட விரல் தெளிவாகச் சொல்லும். அரசுக்கு இலை, கரும்புக்குத் தோகை, தென்னைக்கு ஓலை, தாழைக்கு மடல் என்று ஏன் தனித்தனிப் பெயர் வைத்தார்கள் என்பதும் நான்கு பலகைகளை அடுத்தடுத்துத் தடவினால் விளங்கும்.

பார்வையற்ற மாணவருக்கான பலகையில் ஒரு செடிதான், ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது. தனித்தனியாக உணரவேண்டிய கோடுகளுக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளி இருக்கட்டும், அதைவிட நெருங்கினால் விரலுக்கு ஒரே கோடாகிவிடும். எங்கிருந்து தடவத் தொடங்குவது என்று காட்ட, பலகையின் இடக்கீழ் மூலைக்கு வரும்படி, மண்ணின் வலக்கீழ் மூலையில் ஒரு மொச்சைக்கொட்டையை அழுத்திப் பதித்தால் நல்ல அடையாளம்.

மாட்டலும் பராமரிப்பும்

வண்ணம் பூசாமல் வெள்ளையாகவே விடுவது நல்லது. நிறம் வந்தால் கண் நிறத்தைப் பார்க்கும், வடிவத்தை விட்டுவிடும். பூசியே ஆகவேண்டுமென்றால் நீர்வண்ணத்தை மிக நீர்க்கக் கரைத்துத் தடவி, உடனே ஈரப் பஞ்சால் மேட்டைத் துடைத்தெடுங்கள். பள்ளத்தில் மட்டும் நிறம் தங்கும். பளபளப்பு வண்ணம் வேண்டவே வேண்டாம், நரம்பெல்லாம் அடைந்துபோகும். பல கைகள் தொடும் பலகைக்கு முழுதாக உலர்ந்தபின் மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று போதும்.

ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டாதீர்கள், நேர் வெளிச்சத்தில் புடைப்பு தட்டையாகிவிடும். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினால் சாய்ந்து வரும் வெளிச்சத்தில் ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு நிழல் விழும். வெளித்திண்ணையில் வேண்டாம், மழைநீர் சாந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். தூசியை உலர்ந்த தூரிகையால் மட்டும் தட்டுங்கள்.

மூலை உடைந்தால் தூக்கிப் போடவேண்டாம். உடைந்த இரு முகங்களையும் தண்ணீரில் நன்றாக நனைத்துக்கொண்டு, சற்று நீர்த்த புதிய சாந்தைத் தடவி, ஒட்டி, அசையாமல் அரை மணி வையுங்கள். நனைக்காமல் ஒட்டினால் உலர்ந்த பலகை புதுச் சாந்தின் தண்ணீரை ஒரே மூச்சில் உறிஞ்சிக்கொள்ளும், ஒட்டு மறுநாளே உதிரும்.